வலி போன முழங்கால்

தலைநகர் கித்தோவிலிருந்து வந்த பேருந்து பழக்கடைகளுக்கு எதிரே நின்றதும், கடைக்காரிகள் கூடைகளை அப்படி அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். லஸ்தேனியா வீட்டிலிருந்து மர நாற்காலியையே சுமந்து வந்திருந்தாள். மகளை அதில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. முதலில் அவள் புருஷன் செகுந்தோ துணிப்பையோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் தாமரிஸ், கக்கத்தில் ஊன்றுகட்டைகளை இடுக்கிக்கொண்டு தானாகவே படியிறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது? காலை அறுத்துட்டாங்கன்னு உங்கம்மா மூக்கைச் சிந்திக்கிட்டுக் கெடக்கா. நீ என்னடான்னா கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி எறங்குற?" என்றாள் வெண்ணெய்ப்பழம் விற்கிறவள்.

"அறுக்கல அத்தை. ஓட்டை போட்டாங்க."

"ஓட்டையா? பீப்பாய்க்குப் போடுவாங்களே, அப்படியா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாமரிஸும் சிரித்தாள். செகுந்தோவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. லஸ்தேனியா வெறும் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர்கள் ஊரான கார்ப்புவேலாவுக்குப் போகும் மண்பாதையில் அந்த நேரத்துக்கே காற்று கிளம்பியிருந்தது. சோத்தா பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற காற்று அது. கரும்புத் தோகையை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டு, கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒன்றும் தெரியாதது மாதிரி அடங்கிவிடும்.

தாமரிஸ் கித்தோவில் ஒரு பெண்கள் கால்பந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து உலகக் கோப்பை வரைக்கும் போன ஆண்பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் இப்போது ஓடு பதித்து மினுங்குகின்றன. பெண்பிள்ளைகளில் இந்த ஊரிலிருந்து கித்தோவுக்குப் போனது தாமரிஸ் ஒருத்திதான். ஓர் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டக் குதித்து, ஒற்றைக்காலில் இறங்கியபோது முழங்கால் உள்பக்கமாக மடிந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை, மிதிக்கவில்லை. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் தனக்கு மட்டும் கேட்டதாக அவள் சொன்னாள்.

கட்டைப் பிரித்து மருந்து வைக்கிற நாளில் லஸ்தேனியா வாசல் வெளிச்சத்துக்கு மகளை இழுத்து உட்காரவைத்தாள். துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே வந்தவள், கடைசிச் சுற்று வந்ததும் நிறுத்திவிட்டாள். முழங்கால் சில்லுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பயறு அளவுக்கு இரண்டு புள்ளி. கீழே கணைக்காலின் உள்பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான்.

"இதுக்காடி இந்தப் பாடு? முள்ளுச் செடிக்குள்ள பூந்து வந்தாலே இதைவிட அதிகமா கிழியுமே."

"உள்ளதான்மா எல்லாம் நடந்திருக்கு."

செகுந்தோ தன் கால்சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. அவருடைய இடது முழங்காலில், தொடையில் தொடங்கி பக்கவாட்டில் வளைந்து கீழே வரைக்கும், பெரிய பூரான் ஒன்று ஒட்டிக்கொண்டு செத்துப்போன மாதிரி தழும்பு. இருபத்திரண்டு வயதில் அவர் பக்கத்து நகரமான இபாராவில் ஓர் அணிக்கு இடது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி முழங்காலைப் பிளந்து, எலும்புகளுக்கு நடுவில் நசுங்கிப் போயிருந்த குருத்தெலும்பு மெத்தையை அள்ளிப் போட்டுவிட்டு, தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கட்டை உடைத்தபோது கால் ஆலையில் பிழிந்து போட்ட கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு கரும்பு வெட்டினாலும் தக்காளி பறித்தாலும் ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் குனிவார்.

"என்னைக் கத்தி கெடுக்கல. படுக்கைதான் கெடுத்துச்சு," என்று சொல்லுவார். குடித்தாலும் சொல்லுவார், குடிக்காவிட்டாலும் சொல்லுவார். அது அவர் நெஞ்சில் ஊறிப்போன விஷயம். மாவுக்கட்டுப் போடாமல் எழுந்து நடந்திருந்தால் தானும் இன்றைக்கு ஒரு ஆளாக இருந்திருப்போம் என்று நம்பினார்.

தாமரிஸுக்கு அறுவை செய்த மருத்துவர் வியாசிஸ் கித்தோவிலேயே எல்லாவற்றையும் விளக்கித்தான் அனுப்பியிருந்தார். வயசு குறைந்தவர், பொறுமையானவர். பென்சில் கனத்துக்கு ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் நுனியிலிருந்த கேமரா எடுத்த படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினார். செகுந்தோவுக்கு அது தண்ணீருக்கு அடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று, வழவழவென்று. நடுவில், முழங்காலைப் பிணைத்திருந்து அறுந்துபோன கயிற்றின் பிசிறு பாசி மாதிரி மிதந்து ஆடியது. அடுத்த படத்தில் அந்த இடத்தில் புதுசாக ஒரு கயிறு விறைப்பாக நின்றது.

"தொடைக்குப் பின்னாடி இருந்த தசைநாணை எடுத்து மடிச்சு, இங்க கட்டியிருக்கேன். கவனமா கேளுங்க ஐயா. இப்ப அது உசிரில்லாத கயிறு. ரத்தம் ஊறி அது உசிரா மாறணும். மாறுற காலத்துலதான் அது இருக்கறதுலயே சோப்ளாங்கியா இருக்கும். ரெண்டாவது, மூணாவது மாசம். அப்பதான் வலியும் போயிருக்கும், வீக்கமும் போயிருக்கும், எல்லாம் சரியாப்போச்சுன்னு தோணும். தோணுறதை நம்பாதீங்க. ஒம்பது மாசம் பந்தைத் தொடக்கூடாது."

"சரிங்க டாக்டர்," என்று செகுந்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். கேட்டார்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த இரண்டு புள்ளியைப் பார்த்ததும், கேட்டதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கிவிட்டது.

இபாராவில் பயிற்சி கொடுக்கிற பெண் நடக்கச் சொன்னாள், காலை மடக்கி நீட்டச் சொன்னாள். செகுந்தோவுக்கு அதுவே போதுமாயிருந்தது. விடிந்தும் விடியாமலும் மகளை எழுப்பி வாய்க்கால் கரையோடு கூட்டிக்கொண்டு போவார். கட்டைகள் போய் ஒரு கட்டை ஆனது. அதுவும் போனது. தக்காளி வயலில் அவளைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, லஸ்தேனியாவும் அவரும் கொடிகளைக் கம்பில் கட்டிக்கொண்டே போவார்கள். கட்டிக்கொண்டே அவர் கத்துவார்: "மடக்கு புள்ள! நல்லா மடக்கு!" அவள் மடக்குவாள். குதிகால் பின்தொடையைத் தொடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கட்டுவதை விட்டுவிட்டு நின்றுவிடுவார். தன் கால் முப்பது வருஷமாகச் செய்யாத காரியம் அது.

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறும் பச்சைத் துவரையும், பொரித்த வாழைக்காயும். லஸ்தேனியா தன் தட்டிலிருந்து மகள் தட்டுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாள்.

"போதும்மா. ஓடாம தின்னா உருண்டுதான் போகணும்."

"உருளு. உருண்டாவது வீட்டுக்குள்ள கெட."

மூன்றாவது மாசம் வந்தபோது தாமரிஸிடம் வலி என்று ஒன்று இல்லை. புள்ளிகள் கறுத்து, கறுத்த தோலோடு தோலாகிவிட்டன. யாராவது கேட்டால் அவளே தடவித் தேடித்தான் காட்ட வேண்டும். ஊர் வாய் சும்மா இருக்குமா? பழக்கடையில் ஒருத்தி, "கித்தோவுல கழட்டி விட்டுட்டாங்க, அதை மறைக்க ஆபரேசன்னு கதை விடுதுங்க," என்றாளாம். இன்னொருத்தி, "மச்சத்தைக் காட்டி ஆபரேசன்ங்குறா," என்றாளாம். லஸ்தேனியா கூடையோடு போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஆனால் கழற்றிவிட்டது பாதி உண்மை. வருஷம் முடிந்ததும் கித்தோ அணி தாமரிஸின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவள் கூப்பிட்டால் போன் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கார்னிவல் திருவிழாவுக்கு முந்தைய வாரம் ரிகோபெர்த்தோ வந்தார். லஸ்தேனியாவுக்கு அண்ணன், ஊர்ப் பெண்கள் அணியை நடத்துகிறவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார்.

"மாப்ளே, குவாயாகில்லேர்ந்து ஒரு அம்மா வருது. புது அணிக்கு ஆள் பொறுக்குற அம்மா. கார்னிவல் ஆட்டத்துக்கு வருது. தாமரிஸ் பேரைச் சொல்லித்தான் கேட்டுச்சு."

"அவ ஆடமாட்டாண்ணே," என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் லஸ்தேனியா.

"முழு ஆட்டமா ஆடச் சொல்றேன்? கடேசில கொஞ்ச நேரம். நிக்கிறா, நடக்குறா, நாலு பந்து தள்ளுறான்னு அந்த அம்மா கண்ணால பாத்தா போதும். எடம் வெச்சிருக்கும். பாக்கலைன்னா வேற புள்ளைய எழுதிக்கிட்டுப் போயிரும்."

"எழுதிக்கிட்டுப் போவட்டும். ஒம்பது மாசம்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லுவாரு. தப்பாப் போனா அவரு பேரு கெடுமில்ல, அதான் கூட்டிச் சொல்லுவாரு. ஏம் மாப்ளே, நீ என்ன சொல்ற? உனக்குத் தெரியாத முழங்காலா?"

செகுந்தோ தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். லஸ்தேனியா அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இந்தா பாருண்ணே. பழத்தைக் குடுத்தியா, போய்க்கிட்டே இரு. எம்மவ காலு ஒன் கார்னிவலுக்கு மேளம் இல்ல."

"வலி இருக்கா தாமரிஸ்? நீ சொல்லு," என்றார் ரிகோபெர்த்தோ.

"இல்ல மாமா," என்றாள் தாமரிஸ் மெதுவாக. "அதான் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் லஸ்தேனியா தக்காளிப் பெட்டிகளை லாரியில் ஏற்ற நெடுஞ்சாலைக்குப் போயிருந்தாள். தாமரிஸ் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செகுந்தோ களைக்கொட்டைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா."

"ம்."

"எனக்கு இருபத்திமூணு. இந்த வருசம் போச்சுன்னா அடுத்த வருசம் யாரு கூப்பிடுவா?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரு ஒண்ணு சொல்றாரு. மாமா ஒண்ணு சொல்றாரு. அம்மா காலை வீட்டுக்குள்ள பூட்டி வைங்குது. நீங்க வாயே தொறக்க மாட்டேங்குறீங்க. நீங்க சொல்லுங்கப்பா. நீங்க வேணாம்னா நான் அந்தப் பக்கமே போகல."

அவள் ஈரக்காலைத் தூக்கி அவர் மடிமேல் வைத்தாள். கித்தோவில் மருத்துவர் செய்ததை அவர் பார்த்திருந்தார். முழங்காலை மடித்து வைத்து, கணைக்காலின் மேல்பகுதியை இரண்டு கையாலும் பற்றி முன்னால் இழுத்தார். மருத்துவர் இழுத்துப் பார்த்த அதே மாதிரிதான். தக்காளி இலைச் சாறு காய்ந்து பச்சையாய்க் கறைபிடித்த விரல்கள். என்ன தட்டுப்பட வேண்டும், என்ன தட்டுப்படக் கூடாது என்று அவருக்கு எதுவும் தெரியாது. இளஞ்சூடான, சதைப்பிடிப்பான, நன்றாக மடங்குகிற ஒரு முழங்கால் கைக்குள் இருந்தது. இப்படி ஒன்று இருந்தும் ஒருத்தி உட்கார்ந்தே வீணாகப் போவதா என்று அவருக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது.

"கெட்டியாத்தான் இருக்கு," என்றார்.

"நெசமாவா?"

"கெட்டியா இருக்கு தாயி. கொஞ்ச நேரம்தானே. போய் ஆடு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆனால் அவர் பேசவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று இருந்து, ஆட்டத்தன்று மகள் பார்க்கத்தான் போகிறாள் என்று லஸ்தேனியாவை நம்பவைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைதானம் ஆற்றங்கரையில். புல் கிடையாது, மண்ணும் கூழாங்கல்லும்தான். கார்னிவல் கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் மாவையும் தண்ணீரையும் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பொம்பா மேளம் விடாமல் அடித்தது. குவாயாகில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாதியில் காற்று கிளம்பிய பிறகு ரிகோபெர்த்தோ கையைக் காட்டினார். தாமரிஸ் மேல்சட்டையைக் கழற்றினாள். உள்ளே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். கூட்டத்தின் அந்தக் கோடியில் பழங்கூடையோடு நின்ற லஸ்தேனியா, "ஏய்! ஏ தாமரிஸ்!" என்று கத்தியது மேளத்தில் அமுங்கிப்போனது.

முதல் பந்தை அவள் நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல், வலது ஓரத்தில் ஓடியவளுக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பெண் அப்படியே வலைக்குள் தள்ளினாள். ஊரே எழுந்து ஆடியது. செகுந்தோ தலையெல்லாம் மாவாக, மடங்காத காலோடு குதித்தார். குவாயாகில் அம்மா துண்டை எடுத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்ப்பதை அவர் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பந்து அவளுக்குப் பின்னால் போனது. சும்மா திரும்பினாள். பக்கத்தில் யாருமே இல்லை. திரும்பியவள், செருப்பு வார் கட்ட உட்காருகிறவள் மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு அப்படியே இருந்தாள். மேளக்காரன் பார்க்காமல் அடித்துக்கொண்டேயிருந்தான்.

செகுந்தோவுக்கு அவள் உட்கார்ந்த விதமே போதும். அவர் ஓடினார். ஓடத் தெரியாத காலோடு இழுத்து இழுத்து ஓடிப் போய் அவள் பக்கத்தில் விழுந்தார். தாமரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"போச்சுப்பா," என்றாள்.

கித்தோவில் மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. மறுபடியும் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை லஸ்தேனியாவும் கூட வந்திருந்தாள். மருத்துவர் வியாசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒம்பது மாசம்னு சொன்னேனே," என்றார். "யாரு உன்னை ஆடச் சொன்னது?"

லஸ்தேனியா மகளைப் பார்த்தாள். செகுந்தோ திரையைப் பார்த்தார். அதில் வெள்ளையாக வழவழவென்றிருந்த இடமெல்லாம் தோல் உரிந்த கிழங்கு மாதிரி பிய்ந்து கிடந்தது.

"யாரும் சொல்லல," என்றாள் தாமரிஸ். "நானேதான்."

"நானேதானா? அப்பாகிட்டக்கூடக் கேக்காம?" என்றாள் லஸ்தேனியா.

"கேக்கல."

அப்போது சொல்லியிருக்கலாம். செகுந்தோ வாயைத் திறந்தார். திறந்தவர், வேறு என்னவோ கேட்டார்.

"டாக்டர், என் கால்லேர்ந்து அந்த நாணை எடுத்து வைங்க. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க. எனக்கு இது எதுக்கு?"

மருத்துவர் அவரை உட்காரச் சொன்னார். "கயிறு கிடைக்கும் ஐயா. கயிறு பிரச்சினை இல்ல. மெத்தை கிழிஞ்சு துண்டாயிடுச்சு. எலும்பு மேல இருந்த பூச்சு உரிஞ்சுபோச்சு. அதைத் திரும்பப் பூச எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நடக்கவைக்கிறேன். வேலை வெட்டி செய்யலாம். ஆட்டத்தைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

குவாயாகில் அம்மா ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். கோல் போட்ட பெண்ணின் பேரை எழுதிக்கொண்டு போனாளாம். ரிகோபெர்த்தோ வீட்டுப்பக்கம் வரவில்லை. யாரிடமோ ஒரு தார் வாழைக்காய் கொடுத்தனுப்பினார். லஸ்தேனியா அதைக் கொண்டுபோய்ப் பன்றிக்குப் போட்டாள். பன்றி தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

தாமரிஸ் நடந்தாள். மேடு ஏறினால் நொண்டுவது தெரியாது, பள்ளம் இறங்கினால் தெரியும். தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் பெண்களோடு போனாள். நின்றே செய்கிற வேலை. சாயங்காலம் முழங்கால் உரலாட்டம் வீங்கியிருக்கும். லஸ்தேனியா வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே திட்டுவாள்.

"திமிரு. உடம்பெல்லாம் திமிரு. ஒரு வார்த்தை கேட்டியாடி? பெத்தவ ஒருத்தி கூடையோட நிக்கிறாளேன்னு ஒரு வார்த்தை? அப்பன்கிட்டயாவது கேட்டியா? அந்த மனுசன் காலைப் பாத்தாவது புத்தி வந்திருக்க வேணாமா?"

தாமரிஸ் காலை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். செகுந்தோ தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். லஸ்தேனியா அதையும் மகள் தலையிலேயே கட்டுவாள். "பாரு, சோறுகூட எறங்கல அந்த மனுசனுக்கு. ஒன்னாலதான்."

நாளுக்கு நாள் இது வழக்கமாகிவிட்டது. வயலில், வரப்பில், அடுப்படியில். ஒரு பெண்ணை அவள் தாய் வைகிறாள், அதில் என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கம் போய்விட்டது. செகுந்தோவுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் சரியான ஆளைத் தாண்டிப் போய் வேறொரு ஆள்மேல் விழுவது தெரிந்தது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பார். மனசுக்குள் வார்த்தையைக் கோத்துவைப்பார். லஸ்தேனியாவின் முகத்தைப் பார்த்ததும் அது சிதறிப்போகும். முப்பது வருஷமாக அவருடைய மடங்காத காலைக் குறை சொல்லாமல் கூடக் குனிந்து வேலை செய்தவள் அவள்.

மழை தட்டிப்போன அந்த வருஷம் வாய்க்காலில் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அவர்கள் முறை வந்த ஒரு காலையில் மூன்று பேரும் வயலில் இருந்தார்கள். லஸ்தேனியா மேல்கோடியில் மடையைத் திறந்துகொண்டிருந்தாள். செகுந்தோ கீழ்க்கோடியில், தாமரிஸ் பெட்டிகளைத் துடைத்து அடுக்குகிற இடத்துக்குப் போய் நின்றார்.

"இன்னிக்குச் சொல்லிரப் போறேன் தாயி," என்றார். "உங்கம்மாகிட்ட. நான்தான் ஆடச் சொன்னேன்னு."

தாமரிஸ் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ ஏன் இந்தப் பேச்செல்லாம் வாங்கணும்?"

"வாங்கிப் பழகிருச்சுப்பா." பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "அம்மாவுக்கு இப்ப ஒருத்தி மேலதான் கோவம். திட்டுது, திட்டி முடிச்சுட்டு ஒத்தடம் குடுக்குது. நான் புள்ள, எம்மேல உள்ள கோவம் என்னிக்காவது தேஞ்சு போயிரும். உங்க மேல வந்துச்சுன்னா தேயாது. அப்புறம் அம்மா யாரோட உக்காந்து சோறு திங்கும்? விடுங்க."

"இல்ல தாயி…"

"விடுங்கப்பா. எனக்கு இனிமே போறதுக்கு வேற எடம் இல்ல. இந்த வீடாவது முழுசா இருக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். இல்லை. மகள் தன்னை மன்னித்துவிட்டாள் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கணக்காக யோசித்து, வீட்டில் எது உடையாமல் மிஞ்சும் என்று பார்த்து, தன்னை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். அதைக் கேட்டு அவருடைய நெஞ்சுக்குள் எதுவோ இளகி, மூச்சு லேசானது. சொல்ல வேண்டியதில்லை. லஸ்தேனியாவின் முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டியதில்லை. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக உடம்பு நிம்மதியானதை அவர் உணர்ந்தார். எதற்காக நிம்மதி என்று புரிந்ததும் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

"இந்தா மனுசா! அங்க என்ன வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிற? தண்ணி வந்துருச்சு, மடையை வெட்டிவிடு!" என்று மேல்கோடியிலிருந்து லஸ்தேனியா கூப்பிட்டாள்.

தாமரிஸ் அடுத்த பெட்டியை எடுத்தாள்.

"சரி," என்றார் செகுந்தோ. அது யாருக்குச் சொன்ன சரி என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வருகிற பக்கமாக நடந்தார்.